தொற்றால் நின்றுபோன லீக்கை மறுபடி தொடங்குவது எப்படி? ஹாக்கிக்குக் கொல்கத்தா சொல்லும் கணக்கு

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் வசிக்கும் தமிழர்களுக்கு 2025 பிப்ரவரி 1 கொஞ்சம் விசித்திரமான நாள். ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்த ஹாக்கி இந்தியா லீக்கின் இறுதி ஆட்டம் அன்று. கோப்பையை வென்றது ஷ்ராச்சி ராட் பெங்கால் டைகர்ஸ், அதாவது ஊர்க்கார அணி. மனசுக்குச் சொந்தமான தமிழ்நாடு டிராகன்ஸ் அரையிறுதி வரை வந்து, இறுதிக்குள் நுழையாமல் நின்றுவிட்டது. யாருக்குக் கை தட்டுவது?

இந்த லீக்கில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பெங்கால் டைகர்ஸ் அந்த சீசனில் கொல்கத்தாவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. டிராகன்ஸும் சென்னையில் ஆடவில்லை. ஆண்களுக்கான எட்டு அணிகளும் ரூர்கேலா, ராஞ்சி என்ற இரண்டே ஊர்களில் ஆடி முடித்துவிட்டன.  கோவிட் காலத்தில் உலகம் முழுக்கப் பல லீக்குகள் உயிர் பிழைத்தது இதே முறையில்தான்: எல்லோரையும் ஓரிரு ஊரில் கூட்டி, ஆடி முடித்து, அனுப்பிவிடுவது.

அப்படியென்றால், நாளைக்கு இன்னொரு தொற்று வந்து ஹாக்கி லீக் பாதியில் நின்றால், மறுபடி தொடங்குவது சுலபம்தானே? அதற்கான பதில் ஹாக்கியில் இல்லை, கால்பந்தில் இருக்கிறது. அதுவும் இதே கொல்கத்தாவில். ஐ-லீக் இங்கே ஒரு சீசனைத் தடங்கல் இல்லாமல் முடித்தது. அடுத்த சீசனில் நான்காவது நாளே நின்றுபோனது. இரண்டுமே பபுளுக்குள் நடந்தவைதான். அப்புறம் என்ன வித்தியாசம்?

முதலில், என்ன நடந்தது?

தேதிவாரியாகப் பார்த்துவிடுவோம்.

2020 மார்ச் 10: கல்யாணி மைதானத்தில் ஐஸ்வால் அணியை வென்று, நான்கு சுற்றுகள் மிச்சமிருக்கும்போதே மோகன் பகான் ஐ-லீக் பட்டத்தை உறுதிசெய்தது. சில நாட்களில் லீக் நிறுத்தப்பட்டது. மார்ச் 15 அன்று நடக்கவேண்டிய ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் டெர்பியும் போனது. ஏப்ரலில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், மீதி 28 ஆட்டங்களை ரத்துசெய்து மோகன் பகானை சாம்பியனாக அறிவித்தது. மொத்தம் 110 ஆட்டங்களில் 82 முடிந்திருந்தன.

2020 அக்டோபர்: ஐ-லீக் தகுதிச் சுற்று. ஐந்தே அணிகள், சால்ட் லேக் மைதானமும் கல்யாணியும் மட்டும், ரசிகர்கள் இல்லை. ஊரடங்குக்குப் பிறகு இந்தியாவில் கால்பந்து மறுபடி கண்விழித்த ஆரம்ப முயற்சிகளில் இது ஒன்று. ஒரு வகையில் ஒத்திகை. முகமதன் ஸ்போர்ட்டிங் வென்று மேலே வந்தது.

2021 ஜனவரி 9 முதல் மார்ச் 27 வரை: முழு ஐ-லீக்கும் கொல்கத்தா, கல்யாணி வட்டாரத்திலேயே நடந்தது. 11 அணிகள். லேக் மார்க்கெட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், சந்தோஷ்பூரில் இருக்கும் கிஷோர் பாரதி மைதானத்திலும் ஆட்டங்கள் நடந்தன. கடைசி நாளில் மூன்று அணிகள் ஒரே புள்ளியில் நிற்க, டிராவ் அணியை 4-1 என்று வென்று கோகுலம் கேரளா கோப்பையைத் தூக்கியது. எல்லாம் சுபம்.

2021 டிசம்பர் 26: அடுத்த சீசன் தொடக்கம். இந்த முறை 13 அணிகள். அதே கொல்கத்தா, அதே பபுள் ஏற்பாடு. டிசம்பர் 29 அன்று வீரர்களுக்குத் தொற்று உறுதியானதும் ஆட்டங்கள் ஒரு வாரம் தள்ளிப்போடப்பட்டன. 2022 ஜனவரி 3 அன்று அது குறைந்தது ஆறு வாரம் என்று நீண்டது. இடையில் பாதிப்பு டஜன் கணக்கில் ஏறியிருந்தது.

2022 மார்ச் 3: லீக் மறுபடி தொடங்கியது. மே 14 அன்று சால்ட் லேக் மைதானத்தில், இந்த முறை ரசிகர்கள் முன்னால், முகமதனை 2-1 என்று வென்று கோகுலம் மறுபடியும் சாம்பியன் ஆனது. ஐ-லீக் என்ற பெயரில் 2007 முதல் நடக்கும் போட்டியில் அடுத்தடுத்து இரண்டு முறை வென்ற முதல் அணி அதுதான்.

பயோ பபுள் என்றால் உண்மையில் என்ன?

பெயரைக் கேட்டால் சோப்புக் குமிழி மாதிரி முழுக்க மூடிய ஒன்று என்று தோணும். நிஜத்தில் அது ஒரு கட்டடம். அதற்குக் கதவுகள் உண்டு.

வீரர்கள் ஹோட்டலில் தங்குகிறார்கள். உள்ளே வருமுன் சில நாள் தனிமை, இரண்டு மூன்று டெஸ்ட். ஹோட்டலிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து மைதானம், மறுபடி பஸ். வெளியாட்களைச் சந்திக்கக் கூடாது. இதுவரைக்கும் சரி. ஆனால் அந்த ஹோட்டலில் சமைப்பது யார்? துணி துவைப்பது யார்? பஸ் ஓட்டுவது, கேமரா பிடிப்பது, புல் வெட்டுவது யார்?

அவர்களில் எத்தனை பேரை உள்ளேயே தங்கவைக்கிறீர்கள் என்பதுதான் பபுளின் உண்மையான தரம். பணக்கார லீக் என்றால் ஹோட்டல் முழுவதையும் வாடகைக்கு எடுத்து, சமையல்காரரிலிருந்து டிரைவர் வரை எல்லோரையும் இரண்டு மாதம் உள்ளே வைத்துக்கொள்ளலாம். கையில் காசு குறைந்த லீக்கில் ஊழியர் சாயங்காலம் லோக்கல் ரயில் ஏறி வீட்டுக்குப் போவார். வழியில் மார்க்கெட்டில் மீன் வாங்குவார். காலையில் திரும்பி வருவார். அவர்மேல் தப்பில்லை. பபுளின் கதவு அவர் வழியாகத் திறக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, பபுள் வைரஸைத் தடுக்கும் சுவர் கிடையாது. அது உள்ளே வரும் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு. வெளியே ஊரில் தொற்று எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தக் கதவுகளின் ஆபத்து கூடும், குறையும்.

அப்படியானால் ஒரு வருடம் ஜெயித்து, அடுத்த வருடம் ஏன் தோற்றது?

2021 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தில் தினசரி பாதிப்பு சில நூறு என்ற அளவில்தான் இருந்தது. முதல் அலை ஓய்ந்துவிட்டது, இரண்டாவது அலை இன்னும் வரவில்லை. ஐ-லீக் அந்த இடைவெளிக்குள் சரியாகப் பொருந்தி விழுந்தது. லீக் முடிந்த மார்ச் 27 அன்றுதான் மாநிலச் சட்டமன்றத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவு. ஏப்ரல் முடியும்போது தினசரி பாதிப்பு 17,000-ஐத் தாண்டியிருந்தது. லீக் ஒரு மாதம் தள்ளித் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

2021 டிசம்பர் கடைசியில் நிலைமை நேர் எதிர். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் ஒரு பக்கம், ஒமைக்ரான் இன்னொரு பக்கம். ஜனவரி 3 முதல் மாநில அரசு பள்ளி, கல்லூரிகளை மூடியது, லோக்கல் ரயில்களில் பாதிப் பேர்தான் ஏறலாம் என்றது. ஜனவரி 9 வாக்கில் மேற்கு வங்கத்தில் ஒரே நாளில் சுமார் 24,000 பேருக்குத் தொற்று உறுதியானது.

இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 2024-25 ஹாக்கி லீக்கையே எடுத்துக்கொள்வோம். எட்டு அணி, ஒவ்வொன்றிலும் 24 வீரர்கள், ஆக 192 பேர். பயிற்சியாளர்கள், நடுவர்கள், பிசியோக்கள், ஒளிபரப்புக் குழு என்று சேர்த்து மொத்தம் 350 பேர் பபுளுக்குள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 350 என்பது நம் கணக்குக்கான உத்தேச எண்.

ஊரில் ஆயிரத்தில் ஒருவருக்குத் தொற்று இருந்தால், இந்த 350 பேரில் ஒருவராவது தொற்றோடு வந்து நிற்பதற்கான வாய்ப்பு சுமார் 30 சதவீதம். நூற்றில் ஒருவருக்கு என்றால் அதே வாய்ப்பு 97 சதவீதம். நூற்றில் மூன்று பேருக்கு என்றால் "வருமா வராதா" என்ற கேள்வியே போய்விடும். சராசரியாகப் பத்துப் பேர் தொற்றோடு வருவார்கள்.

டெஸ்ட் எடுப்போமே என்று கேட்கலாம். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் நேற்று தொற்றியவருக்கு இன்று ஆர்டி-பிசிஆர் எடுத்தால் பெரும்பாலும் நெகட்டிவ் என்றுதான் வரும். உடலில் வைரஸ் பெருக சில நாள் ஆகும். அதனால்தான் ஒரு டெஸ்ட் போதாது, நடுவில் தனிமை நாட்கள் வேண்டும், மறுபடி டெஸ்ட் வேண்டும். ஒமைக்ரான் வந்தபோது நிலைமை இன்னும் சிக்கலானது. முந்தைய வகைகளைவிட வேகமாகப் பரவியது. ஒருவரை டெஸ்ட் கண்டுபிடிப்பதற்குள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

2021-22 பபுள் முந்தையதைவிட மோசமாகக் கட்டப்பட்டது என்று சொல்ல எந்த ஆதாரமும் தேவைப்படவில்லை. அதே கட்டடத்தை மழைக்காலத்தில் சோதித்தார்கள். ஒழுகிவிட்டது.

உலகத்தின் பெரிய ஹாக்கி லீக் என்ன செய்தது?

இங்கே ஹாக்கி என்பது பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கி. வட அமெரிக்காவின் நேஷனல் ஹாக்கி லீக் 2020 மார்ச் 12 அன்று நின்றது. 189 ஆட்டங்கள் மிச்சம். அவற்றை ஆடி முடிக்க அவர்கள் முயற்சியே செய்யவில்லை. அன்றைய புள்ளி நிலவரத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, 31 அணிகளில் 24-ஐ மட்டும் கூப்பிட்டு, நேராக நாக்அவுட் கட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

எங்கே ஆடுவது? லாஸ் வேகாஸ் முன்னணியில் இருந்தது. ஹோட்டல், அரங்கம், எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். ஆனால் அங்கே தொற்று ஏறத் தொடங்கியதும் கடைசி நேரத்தில் கைவிட்டார்கள். தொற்று குறைவாக இருந்த கனடாவின் டொராண்டோ, எட்மண்டன் இரண்டையும் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு அணிக்கு 52 பேருக்கு மேல் கூடாது. தினமும் டெஸ்ட். ஆகஸ்ட் 1 தொடங்கி செப்டம்பர் 28 அன்று டாம்பா பே லைட்னிங் கோப்பையை வென்று முடிந்தது. இரண்டு பபுள்களிலும் சேர்த்து 33,000-க்கும் அதிகமான டெஸ்ட்கள். ஒன்றுகூட பாசிட்டிவ் இல்லை.

இதைப் பார்த்து "காசு இருந்தால் எல்லாம் நடக்கும்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதே லீக், அதே காசு, 2021 டிசம்பர் 22 முதல் கிறிஸ்துமஸ் விடுமுறை வரை ஆட்டங்களை நிறுத்திவைத்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு வீரர்களை அனுப்பப்போவதில்லை என்றும் சொன்னது. கொல்கத்தாவில் ஐ-லீக் நின்ற அதே வாரக் கணக்குதான். அந்தச் சமயம் அவர்கள் பபுளில் இல்லை, ஊர் ஊராகப் பயணம் செய்துகொண்டிருந்தார்கள்.

2020-இல் அவர்கள் சரியாகச் செய்த காரியம் இரண்டு. ஒன்று, மைதானத்தின் வசதியைப் பார்க்காமல் ஊரின் தொற்று அளவைப் பார்த்து இடத்தை முடிவுசெய்தது. இரண்டு, முழு சீசனும் வேண்டும் என்ற ஆசையை விட்டது.

ஐபிஎல் நமக்குச் சொல்வது என்ன?

நம் ஊரிலேயே தெளிவான ஒப்பீடு ஒன்று இருக்கிறது.

2020 ஆகஸ்ட் கடைசியில், துபாய் போய் இறங்கியிருந்த சென்னை சூப்பர் கிங்ஸ் முகாமைச் சேர்ந்தவர்கள் உட்பட 13 பேருக்குத் தொற்று என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. அதில் இரண்டு பேர் வீரர்கள். ஐபிஎல் அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் முதல் ஆட்டம் செப்டம்பர் 19. கையில் மூன்று வாரம் இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் தனிமையில் இருந்து, குணமாகி, மறுபடி டெஸ்ட் எடுத்து வந்து சேர்ந்தார்கள். முதல் ஆட்டத்தில் சென்னையே ஆடியது.

2021-இல் போட்டி இந்தியாவிலேயே, பல நகரங்களில் நடந்தது. மே 3 அன்று கொல்கத்தா நைட் ரைடர்ஸின் வருண் சக்கரவர்த்தி, சந்தீப் வாரியர் இருவருக்கும் தொற்று உறுதியானது. அன்றைய ஆட்டம் தள்ளிப்போனது. சென்னையின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் லட்சுமிபதி பாலாஜிக்கும் தொற்று என்று தெரிந்தது. மறுநாள் போட்டியே நின்றது. 60-இல் 29 ஆட்டங்கள்தான் முடிந்திருந்தன. மீதி 31 ஆட்டங்கள் செப்டம்பர் 19 முதல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தன. அக்டோபர் 15 இறுதி ஆட்டத்தில் மோதியது சென்னையும் கொல்கத்தாவும்தான் என்பது லேக் மார்க்கெட்டில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

ஒரே போட்டி, இரண்டு வருடமும் காசுக்குக் குறைவில்லை. 2020-இல் 13 பாதிப்புகளைத் தாங்கிய போட்டி, 2021-இல் அதைவிடச் சில பாதிப்புகளிலேயே ஏன் நின்றது? 2020-இல் தொற்று ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால் வந்தது, கையில் காலி நாட்கள் இருந்தன. 2021-இல் தினம் ஒரு ஆட்டம், வாரக் கடைசியில் இரண்டு. ஒரு அணி பத்து நாள் தனிமைக்குப் போனால் அந்த ஆட்டங்களை வைக்க காலண்டரில் இடமே கிடையாது. வெளியே ஊரில் ஆக்ஸிஜனுக்கு மக்கள் அலைந்துகொண்டிருந்த நேரம் வேறு.

பபுள் பற்றிய பேச்சு எல்லாம் சானிடைசர், கைப்பட்டை, பாதுகாப்பு ஆள் என்று போகும். நிஜமான பாதுகாப்பு காலண்டரில் இருக்கும் காலி நாட்கள்தான்.

காலி நாட்களுக்கு எங்கே போவது?

ஆட்டங்களைக் குறைத்துத்தான். இதில் ஐ-லீக்கின் வழி கவனிக்கத்தக்கது.

வழக்கமான லீக்கில் ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணியோடும் இரண்டு முறை ஆடும். 11 அணி என்றால் 110 ஆட்டம். எல்லோரும் ஒரே ஊரில் இருக்கும்போது சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்ற பேச்சே இல்லை. அதனால் 2020-21-இல் எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை ஆடினார்கள், 55 ஆட்டம். பிறகு மேலே உள்ள ஆறு அணிகள் தங்களுக்குள் 15 ஆட்டம், கீழே உள்ள ஐந்து அணிகள் தங்களுக்குள் 10 ஆட்டம். மொத்தம் 80. அதாவது 30 ஆட்டம் மிச்சம். 78 நாளில் முடிந்தது.

2021-22-இல் 13 அணிகள். பழைய முறையென்றால் 156 ஆட்டம். புதிய முறையில் முதல் கட்டம் 78, மேல் ஏழு அணிகளுக்குள் 21, கீழ் ஆறு அணிகளுக்குள் 15, மொத்தம் 114. இங்கே 42 ஆட்டம் மிச்சம். மார்ச்சில் மறுபடி தொடங்கியபோது இந்த வடிவத்தை மாற்றவே தேவை வரவில்லை. நிற்பதற்கு முன் ஆடிய சில ஆட்டங்களின் முடிவுகளும் கணக்கில் இருந்தன.

இந்த வடிவத்தில் இன்னொரு சாமர்த்தியம் இருக்கிறது. முதல் கட்டம் முடிந்த இடத்தில் லீக் நின்றால்கூட, எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை ஆடியிருப்பார்கள். அந்தப் பட்டியலை வைத்து நியாயமாக ஒரு சாம்பியனைச் சொல்லலாம். 2020-இல் 28 ஆட்டம் மிச்சமிருக்க முடித்தபோது மோகன் பகானை எட்டிப் பிடிக்க யாராலும் முடியாது என்பதால் சாம்பியன் விஷயத்தில் சண்டை வரவில்லை. அடுத்த இடங்களுக்குத்தான் சிக்கல். அதனால் சாம்பியன் தவிர்த்த பரிசுத்தொகையை மற்ற அணிகளுக்குச் சமமாகப் பிரித்தார்கள். எல்லா வருடமும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

இதே 2022 ஜனவரியில் கோவாவில் இந்தியன் சூப்பர் லீக் நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் பபுளுக்குள் தொற்று புகுந்தது. ஆனால் பாதிக்கப்பட்ட அணிகளின் ஆட்டங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்து, லீக்கை ஓட்டி, மார்ச் 20 அன்று முடித்துவிட்டார்கள். கொல்கத்தாவில் மொத்த லீக்கும் நின்றது. ஒரு ஆட்டத்தைத் தள்ளுவதா, லீக்கையே நிறுத்துவதா என்பதும் ஒரு தேர்வுதான்.

நின்ற இரண்டு மாதத்துக்கு விலை கொடுத்தது யார்?

இங்கேதான் விஷயம் கனமாகிறது. டிசம்பர் 29-க்கும் மார்ச் 3-க்கும் நடுவில் 64 நாள். கிளப்கள் ஒரு முறை அணியைக் கூட்டி, பயிற்சி கொடுத்து, விமானத்தில் கொண்டுவந்து, ஹோட்டலில் தனிமைப்படுத்தி, செலவுசெய்தாகிவிட்டது. இப்போது அதே செலவு இரண்டாம் முறை. டிக்கெட் வருமானம் கிடையாது. ஸ்ரீநகரின் ரியல் காஷ்மீர் போன்ற அணிக்குச் சொந்த ஊரில் ரசிகர்கள் நிறைந்த மைதானம்தான் பெரிய சொத்து. இரண்டு சீசன் அது கைக்கு வரவில்லை.

வீரர்கள் நிலைமை இன்னும் நெருக்கடி. இந்த மட்டத்தில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான். சீசன் நீண்டால் சம்பளம் நீளுமா? தனிமையில் இருக்கும் நாட்களுக்குக் காசு உண்டா? குணமான பிறகு இதயப் பரிசோதனை செலவு யாருடையது? ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உரிமை. எழுதவில்லை என்றால் கிளப்பின் நல்ல மனசு. நீங்கள் ஐடி கம்பெனியிலோ ஸ்டார்ட்அப்பிலோ ஒப்பந்த வேலையில் 2020-ஐக் கடந்து வந்தவர் என்றால் இந்த வித்தியாசம் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

காலண்டரும் பழிவாங்கியது. மே 14 அன்று கோகுலம் சாம்பியன் பட்டத்துக்கு ஆடியது. நான்கே நாளில், மே 18 அன்று, அதே சால்ட் லேக் மைதானத்தில் ஆசிய அளவிலான ஏஎஃப்சி கோப்பையில் ஏடிகே மோகன் பகானோடு ஆடவேண்டியிருந்தது. அதையும் 4-2 என்று வென்றார்கள் என்பது அவர்கள் திறமை. அட்டவணை போட்டவர்களின் பெருமையாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி வருத்தம் உண்டு. கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்து 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி, 2020-21 கொல்கத்தா பபுளில் ஆடியது. 2021-22-இன் 13 அணிகளில் அது இல்லை. காரணம் தொற்று மட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் டிக்கெட் வருமானமும் சொந்த ரசிகர்களும் இல்லாத ஒரு சீசன் எந்தச் சின்னக் கிளப்பையும் பலப்படுத்தாது.

சரி, ஹாக்கி லீக் நின்றால் எப்படித் தொடங்கலாம்?

மேலே பார்த்ததை ஹாக்கிக்குப் பொருத்தினால் வரிசை இப்படி வரும்.

முதலில், தேதியைச் சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள். "இன்னும் ஆறு வாரம் கழித்து" என்பதைவிட, "போட்டி நடக்கும் மாவட்டத்தில் டெஸ்ட் பாசிட்டிவ் விகிதம் இந்த அளவுக்குக் கீழே இரண்டு வாரம் தொடர்ந்து இருந்தால்" என்பது தெளிவான வாக்குறுதி. அணிகள் எப்போது விமான டிக்கெட் போடலாம் என்று தெரியும். லாஸ் வேகாஸைக் கைவிட்ட மாதிரி, இரண்டாவது ஊர் ஒன்று தயாராக இருக்கவேண்டும்.

அடுத்து, வெளிநாட்டு வீரர்கள். 2024-25 ஹாக்கி இந்தியா லீக்கில் அணிக்கு 8 பேர், மொத்தம் 64 பேர். 2022 ஜனவரி 11 முதல் ஒரு மாதம், வெளிநாட்டிலிருந்து வரும் எல்லோருக்கும் ஏழு நாள் வீட்டுத் தனிமை கட்டாயமாக இருந்தது. அப்படி ஒரு விதி திரும்ப வந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் போகும். அவர்கள் ஐரோப்பிய கிளப்களுக்குத் திரும்பவேண்டிய தேதியும் உண்டு. ஆகவே வெளிநாட்டவர் வராவிட்டால் உள்ளூர் வீரரைச் சேர்க்க அனுமதிக்கும் விதி முன்பே வேண்டும்.

மூன்றாவது, வாசலிலேயே வடிகட்டுவது. 2020 ஆகஸ்டில் பெங்களூரு விளையாட்டு ஆணைய மையத்தில் இந்திய ஹாக்கி முகாம் மறுபடி கூடியபோது, கேப்டன் மன்பிரீத் சிங் உட்பட ஆறு ஆண் வீரர்களுக்குத் தொற்று தெரிந்தது. வந்தவுடன் தனிமையில் வைத்து டெஸ்ட் எடுத்ததால் தெரிந்தது. முகாம் கலைந்துபோகவில்லை. அடுத்த வருடம் அதே மன்பிரீத் தலைமையில் டோக்கியோவில் வெண்கலம் வந்தது.

நான்காவது, எத்தனை பேர் இருந்தால் ஆடலாம் என்ற விதி. டோக்கியோ ஒலிம்பிக்கில் 16 பேர் கொண்ட அணி என்ற பழைய கட்டுப்பாட்டைத் தளர்த்தி, 18 பேரிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 16 பேரைத் தேர்வுசெய்ய அனுமதித்தார்கள். தொற்றுக்காகச் செய்த மாற்றம். 2024-25 லீக்கில் அணிக்கு 24 பேர் இருந்தது பெரிய வசதி. ஆனால் ஹாக்கியில் ஒரு பலவீனமான இடம் இருக்கிறது: கோல்கீப்பர். ஃபார்வர்டு நான்கு பேர் தனிமைக்குப் போனால் சமாளிக்கலாம். இருக்கும் கோல்கீப்பர்கள் ஒரே அறையில் தங்கி, ஒரே வேனில் போய், ஒன்றாகத் தனிமைக்குப் போனால் ஆட்டம் இல்லை. கோல்கீப்பர்களை வேறு வேறு மாடியில் தங்கவைப்பது செலவில்லாத பாதுகாப்பு.

ஐந்தாவது, காலி நாட்கள். 2024-25 ஹாக்கி லீக் டிசம்பர் 28 அன்று தொடங்கி பிப்ரவரி 1 அன்று முடிந்தது. ஐந்து வாரம்தான். இந்த அடர்த்தியில் ஒரு அணி பத்து நாள் தனிமைக்குப் போனால் அதன் சீசனில் கால்வாசிக்கு மேல் போய்விடும். முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவில் ஒரு வாரம் வெறுமனே விடவேண்டும். ஒளிபரப்பாளருக்குப் பிடிக்காது. ஹோட்டல் பில் கூடும். ஆனால் 64 நாள் நிற்பதைவிட ஏழு நாள் சும்மா இருப்பது மலிவு.

கடைசியாக, சமையல்காரரும் டிரைவரும். அவர்களை உள்ளேயே தங்கவைத்தால் அந்த நாட்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்கவேண்டும். நோய் வந்தால் விடுப்பும் சிகிச்சையும் லீக்கின் பொறுப்பு. வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒருவர் காய்ச்சலை மறைத்து வேலைக்கு வந்தால், எத்தனை டெஸ்ட் எடுத்தும் பயனில்லை.

ரசிகராக நாம் எதைக் கேட்கவேண்டும்?

அடுத்த முறை ஏதாவது ஒரு லீக் "எல்லாப் பாதுகாப்பு நடவடிக்கைகளும் எடுக்கப்பட்டுள்ளன" என்று அறிக்கை விட்டால், மூன்று கேள்வி போதும். வெளியே ஊரில் தொற்று எவ்வளவு? அட்டவணையில் காலி நாள் எத்தனை? நின்றால் சம்பளம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

முதல் இரண்டுக்கும் பதில் சரியாக இருந்தால் லீக் மறுபடி தொடங்கும். மூன்றாவதுக்கும் பதில் சரியாக இருந்தால்தான், தொடங்கும்போது அதே அணிகளும் அதே வீரர்களும் திரும்பி வருவார்கள்.